ஹேண்டிலைத் திருப்பிவைக்கும் வீடு

அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கோபித்துக்கொள்ள இடமில்லை. ஒருவர் சமையல் மேடைப் பக்கம் போய் நின்றால் மற்றவர் படுக்கையில்தான் உட்கார வேண்டும். படுக்கையிலிருந்து கையை நீட்டினால் சமையல் மேடை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் சுவர் மூக்கில் இடிக்கும். ஆனாலும் முந்தின நாள் மாலையிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் சைக்கிளால் வந்த வினை.

வீடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். மூன்றாவது மாடியில் ஓர் அறை. கதவைத் திறந்ததும் ரயில்பெட்டிக்குள் இருப்பதுபோல் நீளமாக ஒரு நடை, அதன் கோடியில் குளியலறை. அவ்வளவுதான். லிஃப்ட் கிடையாது. அவனுக்கோ லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கால் நோகாமல் மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, சாயங்காலம் தன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சிரைக்கப் படியேறுவான். "லிஃப்டு வருது, வழி விடுங்கப்பா!" என்று கீழ்வீட்டு அக்கா கேலி செய்வாள்.

அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தாள். கடை ஒரு திசை, அவனுடைய பட்டறை எதிர்த் திசை. கல்யாணத்தின்போது இருவரிடமும் சொத்து என்று இருந்தது ஆளுக்கொரு சைக்கிள். பழகியதே ஒரு சைக்கிள் நிறுத்துமிடத்தில், இரண்டின் பெடல்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டபோதுதான். பிரித்து எடுக்க அன்று வெகுநேரம் பிடித்தது. அவசரமாகப் பிரிக்க இருவருக்குமே மனமில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு சைக்கிள்களுக்கு இடம் தேடுவதே ஒரு தனிக் குடித்தனமாகிவிட்டது. முதலில் கீழே, படிக்கட்டின் அடியில் நிறுத்தினார்கள். ஒரு காற்றுக் காலத்தில் இரண்டும் சேர்ந்து கீழ்வீட்டு அக்காவின் பூந்தொட்டிகள்மேல் சாய்ந்தன. "சைக்கிள் விழுந்தா தூக்கி நிறுத்தலாம். என் செடி விழுந்தா யாரு தூக்கி நிறுத்துறது?" என்று கேட்டு அன்றோடு அந்த இடத்துக்குத் தடை போட்டாள் அக்கா. பிறகு பால்கனி. அதுவும் பெயருக்குத்தான் பால்கனி, ஒரு ஆள் நின்று தும்மலாம். அங்கே வைத்த அவளுடைய சைக்கிளின் கேரியரில் ஒரு புறா வந்து முட்டையிட்டுவிட்டது. விரட்ட இருவருக்கும் மனம் வரவில்லை. குஞ்சு பொரித்துப் பறந்துபோகும்வரை அவள் நடந்தே வேலைக்குப் போனாள். கூரையில் கொக்கி மாட்டித் தொங்கவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "என் சுவத்துல ஆணி அடிக்கிறதும் என் நெஞ்சுல அடிக்கிறதும் ஒண்ணு" என்று சொல்லி நெஞ்சைத் தொட்டும் காட்டிவிட்டார். படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் புரண்டால் பெடல் விலாவில் குத்தியது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவன் அவன்தான். லிஃப்ட் கூண்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் காலம் தள்ளுகிறவன் அல்லவா! "ஒரு பொருள் முழுசா இடத்த அடைக்கிறதில்ல. எங்கயோ ஒரு இடத்துலதான் அது அகலமா இருக்கும். அந்த அகலத்த மடக்கினா போதும்" என்றான். சைக்கிளுக்கு அகலம் ஹேண்டில். அதன் கழுத்தில் இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி, சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு தட்டினால், ஹேண்டில் மட்டும் தனியே திரும்பிச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். சைக்கிள், புத்தகத்துக்குள் அழுத்திவைத்த இலையைப் போலத் தட்டையாகிவிடும். அப்படி இரண்டையும் தலைமாடு கால்மாடாக நடைச் சுவரோடு சாய்த்தார்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வயிற்றை எக்கிக்கொண்டால் ஒரு ஆள் போகலாம். அன்று இருவரும் வேலையில்லாமலே நடையில் போவதும் வருவதுமாக இருந்தார்கள், புது வீடு பார்க்க வந்தவர்களைப் போல.

மாலையில் தளர்த்துவது அவன் வேலை. காலையில் அவன் குளிக்கும் நேரத்தில் ஹேண்டிலை நேராக்கி முடுக்குவது அவள் வேலை. முடுக்கி முடித்ததும் உரக்க ஒரு சொல் சொல்ல வேண்டும்: "ஆச்சு!" அவன் தொழிலிலிருந்து வந்த வழக்கம் அது. லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கியிருப்பவன் "ஆச்சு" என்று குரல் கொடுக்காமல் வெளியில் நிற்பவன் பொத்தானைத் தொடக்கூடாது. தொட்டால் வேலை போகும். சில சமயம் ஆளே போவான். வீட்டிலும் அந்தச் சொல் காதில் விழாமல் அவன் சைக்கிளைத் தூக்கியதில்லை.

முந்தின நாள் மாலை நடந்தது இதுதான். ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறைக்கான திரைச்சீலை, பாலாடை நிறம். கடையில் முடியாத அடிமடிப்பைக் கையால் தைத்துவிடலாம் என்று வீட்டுக்கு எடுத்துவந்திருந்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நடையில் வயிற்றை எக்கிக்கொண்டு போனாள். ஒரு முனை நழுவி, அவனுடைய சைக்கிள் சங்கிலிமேல் இழுபட்டது. பாலாடையின் குறுக்கே கரிய மசகுக் கோடு ஒன்று விழுந்தது.

"பாருங்க. வந்து நல்லா பாருங்க" என்றாள்.

அவர்கள் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு மரியாதை வந்துவிடும். 'பாருங்க' என்ற சொல்லைக் கேட்டதுமே விஷயம் பெரிது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சோப்பு போட்டா போயிடும்."

"சோப்ப மொதல்ல உங்க வாயில போடணும்."

"சரி விடு. ஒண்ணு செய்யலாம். உன் சைக்கிள வித்துடலாம். நானே உன்னக் கடையில விட்டுட்டுப் போறேன்."

உதவியாகத்தான் சொன்னான். எரிகிற தீயில் தண்ணீர் என்று நினைத்து மண்ணெண்ணெயை ஊற்றுகிறவர்கள் உண்டு.

"ஏன், உங்களோடத விக்கிறது! நான் உங்கள கேரியர்ல உக்கார வெச்சு ஓட்டிட்டுப் போறேன். ஒல்லியாத்தான இருக்கீங்க?"

"எனக்குப் பட்டறை தூரம்."

"எனக்குக் கடை வாசல்லயே இருக்கா? யாரு கையையும் எதிர்பாக்காம போய்ட்டு வர்றதுக்கு எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் வித்துடணும், இல்ல? உங்க சைக்கிள் ஒரேயடியாத் தொலைஞ்சாத்தான் இந்த வீட்டுக்கு மூச்சு வரும்!"

அதன் பிறகு பேச்சு நின்றது. அவள் முகப் பவுடரைக் கறைமேல் கொட்டி எண்ணெயை உறிஞ்சவிட்டாள், அதற்குள் அடிமடிப்பைத் தைத்து முடித்தாள், சோப்பால் பட்டும் படாமலும் துவைத்தாள், ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக்கும் கொடி கட்டிக் காயப்போட்டாள். திரைச்சீலை வீட்டை இரண்டாகப் பிரித்தது. அதற்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். இரண்டு நாடுகள்போல் தூங்கினார்கள்.

காலையில் அவன் குளிக்கப் போனதும் அவள் கரண்டி ஸ்டாண்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். கோபம் கோபம், கடமை கடமை. அவன் சைக்கிளின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இழுத்து நேராக்கினாள். ஒரு கண்ணை மூடி, நேர் பார்த்தாள். சரியாக இருந்தது. ஸ்பேனரைப் போல்ட்டில் வைக்கப் போன நேரம், ஜன்னல் வழியாக வெயில் வந்து திரைச்சீலையில் விழுந்தது. கறை இருக்கிறதா, போய்விட்டதா? எழுந்து போய்ப் பார்த்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். எந்த இடத்தில் கறை இருந்தது என்றே தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில் ஸ்பேனரைக் கரண்டி ஸ்டாண்டில் போட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

அவன் குளித்துவிட்டு வந்தான். மூடிவைத்திருந்த காப்பியைக் குடித்தான். நடையில் போய்ச் சற்று நேரம் நின்றான். எதற்கோ காத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. நான் முதலில் பேசவேண்டும் என்று பார்க்கிறான், பார்க்கட்டும் என்று உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் சைக்கிளைத் தோளில் ஏற்றுவது கேட்டது. கதவு சாத்தப்பட்டது. படியின் திருப்பத்தில் எங்கோ 'டங்' என்று ஒரு சத்தம். கோபத்தைச் சுவரிடம் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

திரைச்சீலையை நிதானமாகத் தேய்த்து, மடித்து, பையில் வைத்தாள். தன் சைக்கிளைத் தயார் செய்ய வந்தாள். ஹேண்டிலை நேராக்கி, ஸ்பேனரை வைத்து ஒரு சுற்று சுற்றினாள். போல்ட் 'கிறீச்' என்றது.

அவள் கை அப்படியே நின்றது. இந்தக் 'கிறீச்' இன்று காலையில் இப்போதுதான் முதல்தடவையாகக் கேட்கிறது. அவனுடைய சைக்கிளில் இது கேட்கவில்லை. நேராக்கினாள். முடுக்கவில்லை.

சமதரையில் ஒன்றும் ஆகாது. முடுக்காத ஹேண்டிலும் கொஞ்ச தூரத்துக்கு நல்ல பிள்ளை மாதிரிக் கூடவே வரும். ஆனால் அவன் போகும் வழியில் ஓர் இறக்கம் இருக்கிறது. தெருவெல்லாம் சேர்ந்து மேலேயிருந்து பாலத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போவதுபோல ஓர் இறக்கம். அங்கே அவன் மிதிக்கவே மாட்டான். சட்டை உப்பிக்கொள்ள, பறவைபோல் விட்டுவிடுவான். எதிரே சரக்கு லாரிகள் முனகிக்கொண்டு ஏறிவரும். ஒரு பிரேக்கோ ஒரு வெட்டோ போதும். கை ஒரு பக்கம் திரும்பும், சக்கரம் தன்பாட்டில் நேரே போகும்.

படியில் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே தெரிந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உடனே மனதின் இன்னொரு பாதி கணக்காகப் பதில் சொன்னது: தெரிந்திருந்தால் ஸ்பேனருக்குத் திரும்பி வந்திருப்பான். அவனுடைய கருவிப் பை பட்டறையில் இருக்கிறது. வீட்டு ஸ்பேனர் இதோ உன் கையில் இருக்கிறது. அவன் வரவில்லை. ஆகவே, தெரியவில்லை.

ஃபோன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. இறக்கத்தில் காற்று காதை அடைக்கும், மணி கேட்காது.

மீதிச் சுற்றுகளையும் முடுக்கிவிட்டு, தன் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டாள். கதவைச் சாத்தத் திரும்பியபோது நடை கண்ணில் பட்டது. இரண்டு சைக்கிளும் இல்லாத நடை. அகலமாக, வெறிச்சென்று இருந்தது. நேற்று அவள் கேட்டது இதைத்தானே! வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள், சொன்னது பலித்துவிடுமோ? தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே அக்கா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இந்த ஓட்டம்? அடுப்ப அணைச்சியா இல்லியா?"

"அவர் போயிட்டாராக்கா?"

"போனாரு, போனாரு. மூஞ்சிய உர்ருன்னு வெச்சிக்கிட்டுப் போனாரு. தெனமும் என் ரோஜாவுக்கு ஒரு சலாம் போட்டுட்டுப் போற மனுஷன், இன்னிக்கு அதையும் கண்டுக்கல. என்ன, சண்டையா?"

"ஏறி ஓட்டிட்டுப் போனாரா, தள்ளிட்டுப் போனாரா?"

"அத யாரு கண்டா? உன் புருஷன் போற அழகப் பாத்துட்டு நின்னா என் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது? ஏய், பாத்து, பாத்து! என் தொட்டி!"

தொட்டி பிழைத்தது. அவள் தெருவில் இருந்தாள்.

கடைக்குப் போகும் திசைக்கு முதுகைக் காட்டி மிதித்தாள். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூட வேனுக்காக நின்ற தாய்மார்கள், வாசல் கழுவிய தண்ணீர் எல்லாம் பக்கத்தில் வந்து பின்னால் போயின. பட்டறைக்கு அவன் போட்டுக்கொண்டு போவது நீலச் சட்டை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு நீலச் சட்டை தென்பட்டது. ஊரில் இத்தனை பேர் நீலச் சட்டை போடுவார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒன்றுகூட அவனாக இல்லை. இனிமேல் அவன் சைக்கிள் படுக்கைமேலேயே வந்து நிற்கட்டும், சங்கிலி எண்ணெயை என் முகத்தில் பூசிக்கொள்கிறேன், ஆள் முழுசாக வந்தால் போதும் என்று யாரிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டே மிதித்தாள்.

இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது கீழே பாலத்தின் முகப்பில் கூட்டம் தெரிந்தது. நடுவில் ஒரு சைக்கிள் குப்புறக் கிடந்தது. அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறங்கினாள். பாதி வழியில் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டே ஓடினாள். "வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று முதுகுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

தரையெல்லாம் தண்ணீர் கேன்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெடித்துப்போன தன் பின் டயரை ஒரு பழைய நண்பனின் துரோகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் உருண்டோடிய கேன்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவள் அவரையே பார்த்தபடி நின்றாள். அவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல. நீ ஏன் இப்படி முழிக்கிற? தண்ணி குடிக்கிறியா? இன்னிக்கு ரோட்டுக்கே இலவசம்."

"அண்ணே… நீலச் சட்ட போட்டு, ஒல்லியா, சைக்கிள்ல ஒருத்தர்…"

"சைக்கிள்லயா? சைக்கிளோடன்னு சொல்லு. தள்ளிக்கிட்டுப் போனாரு. இவ்ளோ நல்ல எறக்கத்துல யாராச்சும் தள்ளிக்கிட்டு வருவாங்களா? 'ஏன்ணே, சைக்கிளுக்கு ஒடம்பு சரியில்லயா'ன்னு கேட்டேன். மொறச்சுட்டுப் போறாரு. அதுல கவனம் போய்த்தான் நான் கல்லுல ஏத்திட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு ஏதோ சத்தம். தண்ணீர் கேன்காரர் பயந்துபோய் நிஜமாகவே ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். அவள் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். தண்ணீருக்கு இவ்வளவு ருசி உண்டா என்று இருந்தது.

பாலத்தின் நடுவில் அவனைப் பிடித்தாள். ஒரு கையால் சீட்டையும் மறு கையால் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியை இழுத்துப் போகிறவன்போல் போய்க்கொண்டிருந்தான். ஹேண்டில் மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பி, வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏண்டா!" என்று கத்தினாள்.

நடந்துபோன இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் திரும்பினான்.

"ஃபோன எடுத்தா கை ஒடிஞ்சா போயிடும்?"

"நீ திட்டத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சேன்."

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்டா!"

"ரெண்டு தடவ திட்டப்போறேன்னு நெனச்சேன்."

அவள் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் அருகே வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே குனிந்தான்.

"நான் முடுக்கல" என்றாள்.

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சுது?"

"படி திரும்புற எடத்துலயே. தோள்ல இருந்த ஹேண்டில் தானா திரும்பி சுவத்துல மோதி, அப்படியே வந்து என் காதுல ஒண்ணு வெச்சுது பாரு…" தலையைச் சாய்த்துக் காட்டினான். காது மடல் நன்றாகப் பழுத்திருந்தது.

"தெரிஞ்சும் ஏன் மேல வரல? ஸ்பேனர் வீட்டுலதான இருக்கு?"

"வந்தா கேக்கணும்."

"கேட்டா என்ன?"

"கேட்டா நான்தான் மொதல்ல பேசுனதா ஆயிடும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வீம்புக்காரன் வீணாய்ப் போவான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வீம்பு ஒருவனைப் பத்திரமாக இறக்கம் முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு வந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். இவ்வளவு தூரம்! ஒரு ஸ்பேனர் கேட்பதற்குப் பதிலாக! கண்ணில் வந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஏய், அழாத. தப்பு என்னோடதுதான். நீ 'ஆச்சு' சொல்லல. சொல்லாம நான் தூக்கியிருக்கக் கூடாது. பட்டறையில இப்படிச் செஞ்சிருந்தா மேஸ்திரி என்ன உரிச்சுத் தொங்க விட்டிருப்பாரு."

"முடுக்காம விட்டது நான். தப்பு என்னோடது."

"என்னோடதுன்னு சொல்றேன்ல?"

"ஏன், உனக்கு மட்டும்தான் தப்பு பண்ணத் தெரியுமா? நான் பண்ணக் கூடாதா?"

ஒரு சண்டையை முடிக்கப் போய் இன்னொன்றைத் தொடங்கும் திறமை இருவருக்கும் சமமாகவே இருந்தது. பிறகு அவன் அவளுடைய கையைப் பார்த்து, "அது என்ன, எனக்கு ரெண்டு போடவா எடுத்துட்டு வந்த?" என்றான்.

அப்போதுதான் அவளும் பார்த்தாள். வீட்டிலிருந்து இதுவரை ஸ்பேனரை ஹேண்டிலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். உள்ளங்கையில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் அந்தக் கையை எடுத்து, தன் சட்டையின் ஈரமில்லாத ஓர் இடத்தைத் தேடி, அதில் வைத்துத் துடைத்தான். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் துடைத்தான்.

அவன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொள்ள, அவள் எதிரில் நின்று நேர் பார்த்துச் சொன்னாள். "கொஞ்சம் எடது. போதும். ஐயோ, அது ரொம்ப. ம்." முடுக்கினான். முடுக்கிய பிறகு அவளும் ஒருமுறை ஹேண்டிலைப் பிடித்துத் தன் முழு பலத்தோடு திருகிப் பார்த்தாள். அசையவில்லை. மறுபடியும் பார்த்தாள்.

"ஒடச்சுடாத."

"சும்மா இரு. இனிமே அவங்கவங்க ஏறுறத அவங்கவங்களே முடுக்கணும். இந்த 'நான் தளத்துறேன், நீ முடுக்கு' கதையெல்லாம் வேணாம்."

"சரி."

"உன் சங்கிலிக்கு ஒரு உறை தைக்கிறேன். கடையில வெட்டுத் துண்டு நெறைய கெடக்கு."

"என்ன கலரு?"

"டாக்டர் வீட்டுத் துண்டு கொஞ்சம் மிஞ்சிச்சு."

"அதுவா? என் சைக்கிளுக்குப் பாவாட தைக்கப்போற. பட்டறையில மானம் போயிடும்."

"மானம் இப்போ மட்டும் இருக்கா? நல்ல எறக்கத்துல சைக்கிளத் தள்ளிட்டு வந்த ஆளுன்னு தண்ணி கேன்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "என்னோடத விக்கணுமா இன்னும்?"

"நான் எங்க சொன்னேன்?"

"நேத்து."

"நேத்து நானா சொன்னேன்? உன் மரியாத சொல்ல வெச்சுது." பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னான்: "அது உன்னோடது. அந்தப் பேச்ச நான் எடுத்திருக்கவே கூடாது. எடம் இல்லன்னா வயித்த இன்னும் கொஞ்சம் எக்கிக்கலாம்."

அவனுடைய ஃபோன் அடித்தது. மேஸ்திரி. அவன் கொஞ்சம் விறைப்பாக நின்று பேசினான். "இல்ல சார், வந்துட்டே இருக்கேன்… சைக்கிள்ல ஒரு கோளாறு… ஆமா சார், முடுக்காம எடுத்துட்டேன்… இல்ல சார், விழல… சரி சார்… சரி சார்…" அணைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"என்ன சொன்னாரு?"

"லிஃப்ட் எல்லாம் எங்கயும் ஓடிப் போயிடாதாம். பாத்து வரச் சொன்னாரு. அப்புறம் வேற என்னென்னமோ சொன்னாரு, அத நடுரோட்டுல சொல்ல முடியாது."

அவள் தன் கடைக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். திரைச்சீலை தயார், ஆள்தான் தாமதம் என்று. பிறகு இருவரும் ஏறினார்கள். அவளுடைய வழி பின்னால் இருந்தது. ஆனாலும் பட்டறை வரைக்கும் வருகிறேன் என்றாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கும் காரணம் ஒன்றும் இல்லை. அவன் ஓட்டுவதைக் கொஞ்ச நேரம் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

பாலத்துக்கு அப்பால் ஆற்றங்கரைச் சாலை. இரண்டு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போயின. பெடலோடு பெடல் உரசாமல், கை நீட்டித் தொடாமல், வயிற்றை எக்காமல். காற்று வந்தது. வானம் வேறு அநியாயத்துக்கு அகலமாக இருந்தது. வீட்டில் இவ்வளவு இடம் இருந்திருந்தால் தாங்கள் ஒருவரையொருவர் எப்போதாவது இடித்துக்கொண்டிருப்போமா என்று அவளுக்குத் தோன்றியது. இடித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லதா என்பதையும் கொஞ்சம் யோசித்தாள்.

பின்னால் வந்த ஒரு சரக்கு வேன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "ஜோடியா அடைச்சுக்கிட்டுப் போறீங்களே, ரோடு என்ன உங்க வீடா?"

"வீட்டுல எடம் இல்லண்ணே! அதான் இங்க வந்துட்டோம்!" என்று அவன் திரும்பிக் கத்தினான்.

"திரும்பாதடா, முன்னாடி பாத்து ஓட்டு!" என்று அவள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

வேன்காரர் சிரித்துவிட்டார் போலிருக்கிறது; அடுத்த ஹாரன் அத்தனை கோபமாக இல்லை. அவள் மிதிப்பதை நிறுத்திப் பின்தங்கி, வேனுக்கு வழி விட்டாள். அது புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு முன்னால் அவன் தெரிந்தான். சாலையில் ஒரு சின்னக் குழி. அவன் அதைச் சுற்றிக்கொண்டு போக ஹேண்டிலை லேசாக ஒடித்தான். அவள் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை திரும்பிய பக்கமே அதுவும் திரும்பியது.